இரைச்சலை அடைக்கும் வளையம்

(கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் பயிற்சி வகுப்பில் தொழிற்கல்விக் குழுவின் சார்பில் ஆற்றப்பெற்ற உரை)

 

வெள்ளி விழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுவோர் பலர் உளர். நாம் இன்று பேச எடுத்துக்கொண்டதோ உள்ளங்கையில் அடங்கும் ஒரு கரிய வளையம். அதன் பெயர் ஃபெரைட் டொராய்டு. பாடநூல் தமிழில் வட்ட வரிச்சுருள் என்பது இவ்வடிவத்தையே குறிக்கும். இவ்வளையத்தில் கம்பியைச் சுற்றினால் அஃது அடைப்புச் சுருள் ஆகிறது. கடைத்தெருவில் இதனைச் சோக் என்பார்கள். குழல்விளக்கின் தலைமேல் இருந்த பழைய சோக்கை நாம் அனைவரும் அறிவோம். அதன் உறவினர்தாம் இதுவும். செய்யும் வேலை மட்டும் வேறு. ஹாம் வானொலி எனப்படும் அமெச்சூர் வானொலி நிலையத்தில் புகும் இரைச்சலை அடைத்து நிறுத்துவது இதன் கடமை.

கரிசல் காட்டில் வாழும் நமக்கு ஹாம் வானொலி எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களை நினைத்துப் பாருங்கள். மழைக்கு ஏங்கும் நம் மாவட்டத்திலேயே காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருவைகுண்டம் இரயில் நிலையத்தில் திருச்செந்தூர் விரைவு வண்டிப் பயணிகள் வெள்ளத்திற்கு நடுவே சிக்கினர். மின்சாரம் நின்றது, கைப்பேசிக் கோபுரங்கள் பல வாயடைத்துப்போயின. இத்தகைய வேளையில் ஒரு பேட்டரி, ஒரு சிறு அலைபரப்பி, இரு மரங்களுக்கிடையே கட்டிய ஒரு கம்பி ஆகிய மூன்றும் போதும். பல நூறு கல் தொலைவிற்குச் செய்தி போய்ச் சேரும். 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போது போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்த பாரதி பிரசாத் அவர்களின் ஹாம் குழு, அந்தமானுக்கும் தாய்நிலத்திற்கும் இடையே செய்திப் பாலமாக நின்றதை நாடறியும்.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. பேசுவதற்கு முன் கேட்கவேண்டும். வெள்ளத்திலோ புயலிலோ சிக்கியவர் பேரொலி எழுப்பும் நிலையத்தில் அமர்ந்திருக்கமாட்டார். அவருடைய குரல் மெலிந்துதான் வரும். அம்மெலிந்த குரலை நம் வீட்டு இரைச்சல் விழுங்கிவிட்டால், நாம் நிலையம் வைத்திருந்தும் பயன் யாது?

இரைச்சல் பிறக்கும் இடம்

முன்னாளில் வானொலி இரைச்சல் என்றால் இடி மின்னலும், மோட்டாரின் தீப்பொறியும், தளர்ந்த மின்கம்ப இணைப்பும்தாம். இன்று நிலைமை மாறிவிட்டது. எல்.இ.டி. விளக்கு, கைப்பேசி மின்னேற்றி, தொலைக்காட்சிப் பெட்டி, இன்வெர்ட்டர், கூரைமேல் உள்ள சூரியத் தகட்டின் கட்டுப்பாட்டுக் கருவி ஆகிய ஒவ்வொன்றினுள்ளும் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டிவிடும் மின்வழங்கி ஒன்று உள்ளது. அவ்வெட்டுகளின் மடங்கு அதிர்வெண்கள் பல மெகாஹெர்ட்ஸ் வரை நீள்கின்றன. வீட்டுச் சுவரில் ஓடும் கம்பிகளே ஏரியல்களாகி அவ்விரைச்சலைப் பரப்புகின்றன. வெயிலுக்குப் பஞ்சமில்லாத கோவில்பட்டி வட்டாரத்தில் சூரியத் தகடுகள் பெருகுவது நன்மையே. எனினும் அதனுடன் வரும் இரைச்சலையும் நாம்தாம் கையாளவேண்டும்.

ஆகவே வளையம் வாங்கப் புறப்படுமுன் நோயை அறிக. வானொலி ஏற்பியை 12 வோல்ட் பேட்டரியில் இயக்குக. பின் வீட்டின் முதன்மைச் சுவிட்சை அணைத்துக் கேளுங்கள். இரைச்சல் அடங்கினால் அது நம் வீட்டுப் பிள்ளை. பின்பு ஒவ்வொரு கருவியாக இயக்கி எது குற்றவாளி எனக் காணலாம். அடங்காவிட்டால் அண்டை வீடோ, தெருக் கம்பியோ, வானமோ காரணம். பேட்டரியில் ஓடும் சிறு டிரான்சிஸ்டர் வானொலியை, நிலையம் ஏதும் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு நடந்தால் இரைச்சல் மிகும் திசை தெரியும். ஐப்பசி இடி எழுப்பும் சடசடப்பு ஏரியல் வழியே குரலோடு கலந்து வருவது. அதனை எவ்வளையமும் தடுக்காது. இவ்வேறுபாடு அறியாதோர் பொருளை வீணாக்குவர்.

இருவகை ஓட்டம்

இப்போது வளையம் எவ்வாறு வேலை செய்கிறது என்பதைக் காண்போம். ஒரு கருவிக்குச் செல்லும் கம்பி இணையில் இருவகை ஓட்டங்கள் உள்ளன. ஒன்று போய்வரும் ஓட்டம். ஒரு கம்பியில் போவது மறு கம்பியில் திரும்பும். கருவிக்கு உயிரூட்டும் நல்ல மின்சாரம் இதுவே. மற்றொன்று ஒருமுக ஓட்டம். இரு கம்பிகளிலும் ஒரே திசையில், ஒரே வேளையில் ஓடுவது. நம்மைத் துன்புறுத்தும் இரைச்சலின் பெரும்பகுதி இவ்வாறே ஓடிக் கம்பியை ஏரியலாக்குகிறது.

இரு கம்பிகளையும் சேர்த்தே வளையத்தில் சுற்றினால் போய்வரும் ஓட்டம் உண்டாக்கும் காந்தப் புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வளையத்திற்கு அவ்வோட்டம் கண்ணில் படுவதே இல்லை. ஒருமுக ஓட்டத்தின் புலங்களோ கூடி நிற்கும். அதனை வளையம் வழிமறித்து வெப்பமாக்கிவிடும். நல்லதை விட்டு அல்லதைத் தடுக்கும் இத்திறமே அடைப்புச் சுருளின் உயிர்நிலை. ஒற்றைக் கம்பியை மட்டும் சுற்றுவது தவறு. அவ்வாறு செய்தால் கருவி உண்ணும் மின்னோட்டமே வளையத்தைத் தெவிட்டு நிலைக்குக் கொண்டுசென்றுவிடும். தெவிட்டிய வளையம் உண்டு மயங்கிய காவலன் போன்றது. சூரியத் தகட்டிலிருந்து வரும் நேர், எதிர் கம்பிகளையும் இணைத்தே சுற்றவேண்டும் என்பதை மனத்திற் கொள்க.

வளைய வடிவம் ஏன்? காந்தப் பாயம் வளையத்தினுள்ளேயே சுற்றி முடிகிறது, வெளியே சிதறுவதில்லை. இதன் மூதாதையை 1831 ஆகஸ்ட் 29 அன்று மைக்கேல் ஃபாரடே செய்தார். மெல்லிரும்பு வளையம் ஒன்றின் இரு புறமும் கம்பி சுற்றி, ஒரு சுருளில் மின்சாரத்தை இணைத்த கணத்தில் மறு சுருளின் முள் அசைவதைக் கண்டார். மின்தூண்டல் பிறந்தது. ஃபாரடே ஒரு கொல்லரின் மகன்; 14 வயதில் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகச் சென்றவர். கட்டுவதற்கு வந்த நூல்களைப் படித்தே அறிவியலுக்குள் நுழைந்தார் என்பதை நம் இளைஞர் நெஞ்சில் பதித்துக்கொள்ளவேண்டும். ஃபெரைட் என்னும் பொருளோ 1930 ஆம் ஆண்டு தோக்கியோவில் காட்டோ, தாக்கெய் என்னும் இரு அறிஞர்கள் கண்டது. இரும்பு ஆக்சைடோடு பிற உலோக ஆக்சைடுகளைக் கலந்து, மட்பாண்டம் போலச் சூளையில் சுட்டெடுப்பது அது. ஆதலால் கீழே போட்டால் உடையும்.

எதைத் தேர்வது?

எல்லாக் கருவளையமும் ஒன்றன்று. கலவை எண்ணே அதன் குலமும் குணமும். அமெரிக்காவின் ஃபேர்-ரைட் நிறுவனத்தின் எண்களை உலகெங்கும் ஹாம்கள் கையாளுகின்றனர். கலவை 31 மாங்கனீசு, துத்தநாகம் கலந்தது. காந்த உட்புகுதிறன் 1500. இது 1 முதல் 300 மெகாஹெர்ட்ஸ் வரை இரைச்சலை அடைக்கவென்றே ஆக்கப்பெற்றது. கலவை 43 நிக்கல், துத்தநாகம் கலந்தது, உட்புகுதிறன் 800. இதற்கு ஏற்ற பகுதி 25 முதல் 300 மெகாஹெர்ட்ஸ். கலவை 61 இன் உட்புகுதிறன் 125. அடைப்பு வேலைக்கு இது 200 மெகாஹெர்ட்ஸுக்கு மேல்தான் பொருந்தும். கலவை 75 இன் உட்புகுதிறன் 5000. மின்வழங்கியின் தாழ்ந்த அதிர்வெண்களுக்கு ஏற்றது.

இவற்றுள் நாம் கொள்ளத்தக்கது யாது? 3.5, 7 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளில் கேட்போர்க்குக் கலவை 31 ஐ மிஞ்சியது அரிது. 14 முதல் 28 மெகாஹெர்ட்ஸ் வரை 31, 43 ஆகிய இரண்டும் உதவும். 144 மெகாஹெர்ட்ஸுக்கு 43 நன்று. ஒன்றே ஒன்று வாங்கப் பொருள் உள்ளவர் 31 ஐ வாங்குக.

உட்புகுதிறன் மிகுந்தால் அடைப்பும் மிகும் என்று எண்ணுவோர் உண்டு. அது பிழை. உட்புகுதிறன் மிகுந்த கலவைகள் தாழ்ந்த அதிர்வெண்ணிலேயே களைத்துவிடும். நமக்கு வேண்டிய அதிர்வெண்ணில் எது மின்தடையைப் போல நின்று இரைச்சலை வெப்பமாக்குகிறது என்பதே வினா. வெறும் மின்தூண்டல் மட்டும் இருந்தால், கம்பியில் உள்ள மின்தேக்குத்திறன் அதனோடு கூடி, அடைப்பதற்குப் பதிலாக ஓட்டத்தை வளர்த்துவிடவும் கூடும். மின்தடைக் குணமோ யாருடனும் கூட்டுச் சேராது. இக்காரணத்தால்தான் இரும்புத் தூள் வளையங்கள் நம் வேலைக்கு உதவமாட்டா. அவை இழப்பின்றி ஆற்றலைச் சேமிப்பன. சிவப்பு வண்ணம் பூசிய வளையம் இசைவுச் சுருளுக்கு உரியது. உட்புகுதிறன் வெறும் 10. பழைய கணிப்பொறி மின்வழங்கிகளில் கிடைக்கும் மஞ்சள் உடலும் ஒரு பக்கம் வெள்ளையும் கொண்ட வளையமும் இரும்புத் தூளே.

கடையில் சோதித்தல்

சென்னை ரிச்சி தெருவிலும் பழைய பொருள் விற்போரிடமும் பெயரில்லா வளையங்கள் குவிந்துள்ளன. எண் அச்சிடப்படாத வளையத்தை எவ்வாறு அறிவது? வெளிவிட்டம் 61 மில்லிமீட்டரும், உள்விட்டம் ஏறத்தாழ 35.5 மில்லிமீட்டரும், தடிப்பு 12.7 மில்லிமீட்டரும் உள்ள வளையமே ஹாம்களிடம் பெருவழக்கு. அதில் 10 சுற்றுச் சுற்றி மின்தூண்டல் அளவியில் அளந்து பாருங்கள். கலவை 31 ஆயின் ஏறத்தாழ 200 மைக்ரோஹென்றி காட்டும்; 43 ஆயின் ஏறத்தாழ 110; 61 ஆயின் 17; 75 ஆயின் 680 அளவில் இருக்கும். இருபது விழுக்காடு ஏறலாம், இறங்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மஞ்சள்-வெள்ளை இரும்புத் தூள் வளையத்தின் உட்புகுதிறன் 75. அதே அளவுள்ள வளையத்தில் அது ஏறத்தாழ 10 மைக்ரோஹென்றி காட்டும். அளவியை மட்டும் நம்பினால் 61 என்று ஏமாறக்கூடும். அதனால் கையாலும் அறிக. இரும்புத் தூள் வளையம் ஃபெரைட்டைக் காட்டிலும் நன்கு கனக்கும். இன்னொரு சோதனையும் உண்டு. பூச்சில்லாத இடத்தில் மல்ட்டிமீட்டரின் கூர்முனைகளை அழுத்தி மின்தடை பாருங்கள். 31, 75 போன்ற மாங்கனீசுக் கலவைகள் கிலோ ஓம் அளவில் காட்டும். 43, 61 போன்ற நிக்கல் கலவைகள் மெகா ஓமுக்குப் போய்விடும், அல்லது எதையும் காட்டா. ஃபெரைட்டின் மேல் பூசும் வண்ணத்திற்கோ எல்லா நிறுவனத்திற்கும் பொதுவான விதி இல்லை. பச்சை என்றால் இது, நீலம் என்றால் அது என்று விற்பவர் சொல்வதை அளந்து பார்த்தபின் ஏற்பதே அறிவுடைமை.

எத்தனை சுற்று?

வளையத்தின் துளை வழியே கம்பி ஒருமுறை போனால் ஒரு சுற்று. மின்தூண்டல் சுற்று எண்ணின் இருமடியைப் பொறுத்தது. ஒன்றை ஐந்தாக்கினால் இருபத்தைந்து மடங்கு. பத்தாக்கினால் நூறு மடங்கு. கம்பியின்மேல் கவ்விவிடும் பிளவு வளையங்களைச் சிலர் வரிசையாக மாட்டுகின்றனர். ஒருமுறை மட்டும் கம்பி போகும் வளையம் 7 மெகாஹெர்ட்ஸில் தரும் மின்எதிர்ப்பு நூறு ஓமை எட்டுவதே அரிது. நமக்கு வேண்டுவதோ குறைந்தது 1000 ஓம். 5000 ஓம் கிடைத்தால் மிக நன்று. எனவே பத்து வளையம் வாங்கி மாட்டுவதைவிட, ஒரு பெரிய வளையத்தில் பத்துச் சுற்றுச் சுற்றுவது பத்து மடங்கு பயன் தரும். பொருளாதாரம் நலிந்த நமக்கு இக்கணக்கு மிக முதன்மையானது.

ஆயினும் அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு. சுற்றுக்குச் சுற்று நெருங்கும்போது இடையே மின்தேக்குத்திறன் பிறக்கிறது. அது சுருளின் ஒத்ததிர்வைக் கீழே இழுத்துவிடும். உயர்ந்த அதிர்வெண்களில் இரைச்சல் சுருளைத் தாண்டிக் குதித்துவிடும். பெரிய 31 வளையத்தில் 3.5, 7 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 13 முதல் 16 சுற்றும், 14 முதல் 28 வரை சுமார் 8 முதல் 12 சுற்றும் பொருந்தும். நுழையும் முனையும் வெளியேறும் முனையும் அருகருகே இராமல் விலகி இருக்கட்டும். எல்லாப் பட்டைகளும் வேண்டுமெனில் இருவகைச் சுருளையும் ஒன்றன்பின் ஒன்றாக அமைக்கலாம். கோஆக்சியல் கேபிளைச் சுற்றும்போது இறுக்கி மடக்கலாகாது. உள்கம்பி நாளடைவில் நகர்ந்து வெளிவலையைத் தொட்டுவிடும்.

எங்கே பொருத்துவது?

இரைச்சல் பிறக்கும் கருவியின் வாயிலிலேயே முதற்காவல் வைக்க. இன்வெர்ட்டரானால் தகட்டுப் பக்கம், பேட்டரிப் பக்கம், வீட்டுப் பக்கம் ஆகிய எல்லா வழிகளிலும் வேண்டும். ஒரு வழி திறந்திருந்தாலும் திருடன் புகுவான். இரண்டாம் காவல் ஏரியலும் கேபிளும் சேரும் இடத்தில். அங்கு அடைப்புச் சுருள் இல்லையேல் கேபிளின் வெளிவலையே ஏரியலின் ஒரு பகுதியாகி வீட்டு இரைச்சலை அள்ளி வரும். மூன்றாம் காவல் வானொலியின் மின்வழங்கிக் கம்பியில்.

மின்கம்பியைப் பொறுத்தவரை உறையை உரிக்காமல், மூன்று இழைக் கம்பியை அப்படியே சுற்றுங்கள். உரித்துச் சுற்றுவது உயிருக்குக் கேடு. பெட்டியைத் திறந்து உள்ளே கைவைத்தல் பயிற்சி பெற்றோர்க்கே உரியது.

புவி இணைப்பு நன்றாயிருந்தால் இரைச்சல் போய்விடும் என்னும் நம்பிக்கை நம் பகுதியில் வேரூன்றியுள்ளது. கரிசல் மண்ணின் இயல்பை உழவர் வீட்டுப் பிள்ளைகளாகிய நாம் அறிவோம். மழையில் ஊறிப் பொங்கும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். வெடித்த மண் புவித்தண்டை விட்டு விலகிவிடும். ஆகவே கரியும் உப்பும் இட்ட குழிக்குச் சித்திரை, வைகாசியில் தவறாது நீரூற்றவேண்டும். ஆனால் அது இடிக்கும் மின்கசிவுக்கும் எதிரான உயிர்க்காப்பு. இரைச்சலை மண் குடித்துவிடாது. நீண்ட புவிக்கம்பி தானே ஓர் ஏரியலாகிவிடும். இரைச்சல் குறைகிறது என்று எண்ணிப் புவிக்கம்பியை அறுத்துவிடுவோர் தம் வீட்டார் உயிரோடு விளையாடுவோர் ஆவர். வளையம் வேறு, புவி இணைப்பு வேறு. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

பயன் என்ன?

வானொலி ஏற்பியின் முகப்பில் எஸ் அளவு காட்டும் முள் உண்டு. ஓர் எஸ் என்பது 6 டெசிபல். அதாவது ஆற்றலில் நான்கு மடங்கு. நம் வீட்டு இரைச்சலை இரண்டு எஸ் குறைத்தோமானால், மறுமுனையில் பேசுபவர் தம் ஆற்றலைப் பதினாறு மடங்கு உயர்த்தியதற்கு நிகர். 10 வாட்டில் பேசும் நண்பர் 160 வாட்டில் பேசுவதுபோல் நமக்குத் தெளிவாகக் கேட்பார். அவர் ஒரு காசும் செலவிடவில்லை; நாம் ஒரு வளையமும் ஒரு மாலைப் பொழுதும் செலவிட்டோம். பெரிய அலைபரப்பி வாங்கச் செல்வம் வேண்டும். நன்றாகக் கேட்க அறிவும் பொறுமையும் போதும்.

இரைச்சல் அண்டை வீட்டிலிருந்து வந்தால் என் செய்வது? மின்கம்பி தெரு பார்த்துப் பிரிவதில்லை. நம் குடியிருப்பின் விளக்கு ஊர்த்தெருவின் வானொலியைக் கெடுக்கும். ஊர்த்தெருவின் இன்வெர்ட்டர் நம் வானொலியைக் கெடுக்கும். அங்கே முறையிடப் போகவேண்டா. அளந்த குறிப்பேட்டோடும் சுற்றிய வளையத்தோடும் போவோம். இன்ன கருவி, இன்ன நேரம், இன்ன அதிர்வெண் என்று எடுத்துரைத்து, வளையத்தை மாட்டிக் காட்டி, முன்னும் பின்னும் கேட்கச் செய்வோம். அறிந்து பேசுபவனை வாயிலில் நிறுத்திப் பேசுவது எவருக்கும் எளிதன்று.

இளைஞர்களே! கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். உரிமம் இன்றி அலைபரப்புதல் குற்றம். நடுவணரசின் தகவல் தொடர்பு அமைச்சகம் நடத்தும் தேர்வில் வெற்றி பெற்று உரிமம் பெறுக. வி.யு.2, வி.யு.3 எனத் தொடங்கும் அழைப்புக்குறிகள் அவ்வாறு கிடைப்பவை. 1924 ஆம் ஆண்டு சென்னையில் கிருஷ்ணசாமி செட்டியார் தொடங்கிய மாகாண வானொலி மன்றம் ஆர்வலர்களின் முயற்சியே. அந்நாளில் அத்தகைய மன்றங்களின் வாயில் நம் பாட்டனார்க்குத் திறந்திருக்கவில்லை. இன்று தேர்வுத் தாள் அனைவர்க்கும் ஒன்றே. அதனைப் பயன்கொள்ளாதிருத்தல் நம் குறையாகிவிடும். பஞ்சாலை, காற்றாலை, சூரிய மின்னிலையம் ஆகிய யாவற்றிலும் இரைச்சலை அடக்கத் தெரிந்த தொழில்நுட்பருக்கு வேலை உண்டு என்பதையும் எண்ணுக.

1942 முதல் 1946 வரை வைசிராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர், மின்சார வளர்ச்சிக் கொள்கையையும் தம் பொறுப்பில் வைத்துத் திட்டமிட்டார். மின்சாரம் ஒளி மட்டுமன்று, உழைப்பாளியின் விடுதலைக் கருவியும் என்னும் நோக்கு அத்திட்டத்தில் இருந்தது. அம்மின்சாரம் நம் குடியிருப்புக்கும் வந்து சேர்ந்துவிட்டது. அதனை ஆளும் அறிவும் வந்து சேரவேண்டும்.

நம் கழகத்தின் பயிற்சிக் கூடத்தில் ஞாயிறுதோறும் கூடுவோம். இருவருக்கு ஒரு வளையமும், ஐவருக்கு ஓர் அளவியும் போதும். முதல் திங்களில் ஒவ்வொருவரும் தம் வீட்டு இரைச்சலைக் குறிப்பேட்டில் அளந்து எழுதுக. இரண்டாம் திங்களில் சுருள் சுற்றி மாட்டி மீண்டும் அளக்க. மூன்றாம் திங்களில் தேர்வுப் பாடம் தொடங்குவோம். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்குமுன் இவ்வட்டாரத்தில் பேட்டரியில் இயங்கும் ஒரு நிலையமேனும், தெளிவாகக் கேட்கும் செவியோடு, நம்மவர் கையில் இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.